ஒரு நாட்டின் சினிமாவை மையமாக வைத்துச் சிறு திரைவிழா: கொழிஞ்சாம்பாறைக்கு எந்த நாடு பொருந்தும்?

கேட்டவர்: எல்லையோர வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள எங்கள் வாசகசாலையின் சார்பில், வரும் டிசம்பரில் மூன்று நாள் திரைவிழா ஒன்றை நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அரசு மானியமோ பெரிய விளம்பரதாரரோ கிடையாது. உறுப்பினர் சந்தாவையும் ஊரில் கடை வைத்திருப்பவர்கள் தருவதாகச் சொல்லியிருக்கும் நன்கொடையையும் நம்பியே இறங்குகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டின் சினிமாவை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பிற நாட்டுப் படங்கள் சிலவற்றையும் காட்ட வேண்டும் என்பதே எண்ணம். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா 2022இல் செர்பியாவையும், 2023இல் கியூபாவையும், 2024இல் ஆர்மீனியாவையும் அப்படி மையப்படுத்தியது. 2021இல் அந்த விழாவே நான்கு ஊர்களாகப் பிரிந்து பாலக்காட்டுக்கும் வந்தபோது எங்களில் பலர் அங்கே போய் அமர்ந்து பார்த்தோம். அந்த ஆசையின் தொடர்ச்சிதான் இது.

நாட்டைத் தேர்வதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஈரான் என்றால் கூட்டம் வரும் என்று ஒரு தரப்பும், தென்கொரியா என்றால் இளைஞர்கள் வருவார்கள் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. எனக்குத் தனிப்பட்ட முறையில் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகல் மீது விருப்பம் உண்டு. ஆனால் அதைச் சொன்னவுடன் ‘அந்த நாடு எங்கே இருக்கிறது’ என்ற கேள்விதான் முதலில் வந்தது. மொத்தம் ஒன்பது காட்சிகள் வைக்க முடியும். இவற்றில் மைய நாட்டுக்கு எத்தனை, மற்றவற்றுக்கு எத்தனை என்பதும், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைந்த எங்கள் ஊரில் சப்டைட்டிலுக்கு என்ன செய்வது என்பதும், அனுமதி, உரிமை போன்றவற்றை எங்கே தொடங்குவது என்பதும் எங்களுக்குத் தெளிவாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில்: கல்பாத்திப் பெரியவர்

தம்பிக்கு வணக்கம். குழுவில் உங்கள் குரல் தனிக்குரல் என்றாலும் அதன் பக்கமே நானும் நிற்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரானியப் படங்களும் கொரியப் படங்களும் கேரளத்துக்குப் புதியவை அல்ல. கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013இல் திருவனந்தபுரம் விழாவுக்கு வந்தபோது அவரைச் சூழ்ந்த கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். விழா என்றால் தாமாகவே வரக்கூடியவர்கள் அவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். பார்க்காதவர்களோ அந்த நாட்டின் பெயருக்காக வரப்போவதில்லை. ஆகவே கூட்டம் என்ற கணக்கில் அந்த இரண்டு நாடுகளும் தரும் லாபம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இராது. நாட்டைத் தேரும்போது நான் கேட்கும் கேள்வி வேறு: படம் முடிந்து விளக்கைப் போட்டதும், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எவருடைய விளக்கவுரையும் இல்லாமல் எழுந்து நின்று பேசுவதற்கு அந்தப் படத்தில் அவருக்கு ஏதேனும் இருக்கிறதா என்பதே அது.

செனகலில் அது நிறையவே இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி அந்த நாட்டின் மண்ணை நிலக்கடலைக்கு என்றே பழக்கியது. 1960இல் விடுதலை கிடைத்த பிறகும் உழவர்கள் அந்த ஒற்றைப் பயிரிலிருந்து எளிதில் மீளவில்லை. சஃபி ஃபாய் என்ற பெண் இயக்குநர் 1975இல் எடுத்த ‘கத்து பெய்காத்’ முழுவதும் இதைப் பற்றியது. உழவனின் குரல் என்பது அந்தப் பெயரின் பொருள். மழை பொய்த்துக் கடலை விளையாமல் போகிறது. கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டிய இளைஞன் தலைநகர் டாக்கருக்குக் கூலி வேலை தேடிப் போகிறான். இயக்குநரே ஊரிலிருந்து கடிதம் எழுதுவதுபோல் பின்னணியில் பேசுகிறார், ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து அரசு அதிகாரிகளைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே அந்த நாட்டில் படத்துக்குத் தடை வந்தது. சகாராவுக்குத் தெற்கே ஓர் ஆப்பிரிக்கப் பெண் எடுத்து வெளிநாடுகளில் வணிக முறையில் வெளியான முதல் முழுநீளப் படம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு என்றாலும், வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் கரிசல் காட்டில் கடலைக்காய் போட்டு மழைக்காக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெருமையைச் சொல்லி அறிமுகம் செய்யத் தேவையில்லை. பாலக்காடு என்றால் பச்சை வயல் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். மழை மறைவில் கிடக்கும் உங்கள் கிழக்குப் பகுதியின் வறட்சியை நீங்கள் அறிவீர்கள்.

அடுத்தது செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன். 1923இல் பிறந்து 2007இல் மறைந்தவர். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரெஞ்சில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்ற பிறகு, தம் மக்களில் பெரும்பாலோர் அந்தப் புத்தகங்களை வாசிக்க முடியாது என்பதை உணர்ந்து, நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய்ச் சினிமா கற்றுக்கொண்டவர். அவருடைய ‘மந்தாபி’ 1968இல் வந்தது. பாரிஸில் தெருப் பெருக்கும் மருமகன் ஒருவன் டாக்கரில் உள்ள தாய்மாமனுக்கு மணியார்டர் அனுப்புகிறான். பணத்தை வாங்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பிறந்த தேதி வேண்டும்; இதற்கிடையே பணம் வந்த செய்தி தெரு முழுவதும் பரவிக் கடன் கேட்போர் வாசலில் நிற்கிறார்கள். வளைகுடாவிலிருந்து பணம் வருவதை எதிர்பார்த்துக் கடைக்காரரிடம் கணக்கு எழுதிய வீடுகளும், அக்ஷயா என்ற அரசுச் சேவை மையத்தில் ஒரு காகிதத்துக்காகக் காலையெல்லாம் நின்ற மனிதர்களும் உள்ள நாட்டில் இந்தப் படம் எப்படிப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பாருங்கள். இதைப் பிரெஞ்சிலும் வொலோஃப் மொழியிலுமாக இரண்டு வடிவங்களில் எடுத்தார்கள். வொலோஃப் வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். ஆப்பிரிக்க மொழி ஒன்றில் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுவே.

ஒன்பது காட்சிகளில் ஐந்தைச் செனகலுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஐந்துக்குக் குறைந்தால் அது மையமாக இராது, பட்டியலில் ஒரு வரியாகிவிடும். மற்ற நான்கு படங்களை விருதுப் பட்டியலைப் பார்த்துப் பொறுக்காமல், செனகல் படங்களோடு வாதாடக்கூடியவையாகத் தேர்ந்தெடுங்கள். செம்பேனின் முதல் குறும்படமான ‘போரோம் சாரெத்’ 1963இல் வந்தது, இருபது நிமிட அளவே ஓடும். வண்டிக்காரன் ஒருவன் பணக்காரர் வாழும் பகுதிக்குள் நுழைந்ததற்காகக் காவலரிடம் வண்டியைப் பறிகொடுக்கிறான். அதைப் போட்டுவிட்டு இத்தாலியின் ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தை அதே காட்சியில் போடுங்கள். பிழைப்புக்கான வண்டியை இழந்த இரண்டு மனிதர்கள், இரண்டு கண்டங்கள், பதினைந்து ஆண்டு இடைவெளி. இதற்கு மேல் ஓர் அறிமுகவுரை வேண்டுமா என்ன?

நம் பக்கத்திலிருந்து ஜான் ஆபிரகாமை விட்டுவிடாதீர்கள். 1977இல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த மலையாளி அவர். 1986இல் ஒடேசா என்ற திரைப்படக் குழுவாக ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி ‘அம்ம அறியான்’ எடுத்தவர். சந்தாவிலும் நன்கொடையிலும் விழா நடத்தும் உங்களுக்கு இவரைவிடப் பொருத்தமான உறவினர் இல்லை.

பதில்: பொள்ளாச்சி ரசிகன்

பெரியவர் சொன்ன படங்களைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பட்டியல் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் உள்ளன. திரையரங்குகளிலும் சிறு விழாக்களிலும் திரையிடும் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் அவற்றைச் சொல்கிறேன்.

இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படத்தைப் பொதுவில் காட்டுவதானால், 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்க வேண்டும். படங்களின் பட்டியல், கதைச் சுருக்கம், உங்கள் தேர்வுக்குழுவின் பரிந்துரை ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். காட்சி வணிக நோக்கமற்றதாக இருக்க வேண்டும், டெலிகேட்டுகளுக்கு, அதாவது முன்கூட்டியே பெயர் பதிந்த பார்வையாளர்களுக்கு மட்டுமே காட்ட வேண்டும். கோவா, திருவனந்தபுரம் போன்ற விழாக்களில் டெலிகேட் பதிவுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் யோசனை இருந்தால், அந்தக் காட்சிக்குச் சான்றிதழ் பெற்ற இந்தியப் படங்களையே வையுங்கள். விலக்கு கட்டாயம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2017இல் திருவனந்தபுரத்து ஆவணப்பட விழாவிலேயே மூன்று படங்களுக்கு அமைச்சகம் விலக்கு மறுத்தது. மாற்றாகப் போடுவதற்குச் சான்றிதழ் உள்ள படம் ஒன்றிரண்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

உரிமை என்பது இதிலிருந்து தனியான வேலை. கடையில் வாங்கிய டிஸ்க்கோ, மாதக் கட்டணம் கட்டும் ஓடிடி கணக்கோ வீட்டில் பார்ப்பதற்கானவை. அவற்றை வைத்து விழா நடத்தினால் சட்டச் சிக்கல் வரும். பழைய ஆப்பிரிக்கப் படங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பாரிஸில் உள்ள ‘ஆன்ஸ்தித்யு ஃபிரான்சே’ என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனத்தின் கீழ் ‘சினேமாதேக் ஆஃப்ரீக்’ என்ற ஆப்பிரிக்கத் திரைப்படச் சேமிப்பகம் இயங்குகிறது. வணிக நோக்கமற்ற காட்சிகளுக்குப் படங்களை உரிமையோடு வழங்குவதே அதன் வேலைகளில் ஒன்று. திருவனந்தபுரத்தில் உள்ள பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸ் வழியாகக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்கும் எல்லாமே அங்கே இராது. ‘மந்தாபி’யைப் புதுப்பித்தது ஸ்டூடியோகனால் என்ற பிரெஞ்சு நிறுவனம், அதற்கு அங்கேதான் எழுத வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளர் வேறு என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். புதிய படங்களில், பெரிய ஓடிடி நிறுவனங்கள் வாங்கி வைத்திருப்பவை சிறு விழாக்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை; மத்தி தியோப் 2019இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய ‘அட்லாண்டிக்’ படத்தை நம்பித் துவக்க விழாவைத் திட்டமிட வேண்டாம்.

படம் எந்த வடிவில் வருகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். திரையரங்கில் ஓடும் டிசிபி வடிவம் பூட்டுப் போட்டு வந்தால், குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறக்கும் சாவியைத் தனியாக அனுப்புவார்கள். வாசகசாலை ஹாலில் உள்ள ப்ரொஜெக்டருக்கு அது உதவாது. ப்ளூ-ரே அல்லது உயர்தரக் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். பழைய படங்கள் பலவற்றின் சட்டகம் ஏறக்குறையச் சதுர வடிவில் இருக்கும். இருபுறமும் கறுப்பு விழுகிறதே என்று எவராவது ரிமோட்டை எடுத்து அகலமாக இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே. எங்கள் பகுதியில் ஒரு விழாவில் முழுப் படமும் அப்படியே ஓடி, பாத்திரங்கள் எல்லாம் வீங்கிய முகத்தோடு நடமாடினார்கள்.

பதில்: மூணாறு டீச்சர்

செனகல் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் தமிழ் பேசும் எல்லைப் பகுதியில் நடக்கும் முதல் விழா, கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன்னால் பக்கத்தில் உள்ள இலங்கையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறேன். தேயிலைத் தோட்ட லயன்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறியவர்களின் பேரன் பேத்திகள் நீலகிரியிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள். இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகே 2012இல் எடுத்த படம் ஒன்றில் மலையக நகரத்து அடகுக்கடைக்காரனும் அவனிடம் நகை வைக்க வரும் தமிழ்ப் பெண்ணும் வருகிறார்கள். போர் முடிந்த பிறகும் அந்த இருவருக்கு நடுவே அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கதை. அதைப் பார்க்கும் நம் ஊர்க்காரருக்கும் எழுந்து நின்று பேச நிறையவே இருக்கும், பெரியவர் ஐயா.

சப்டைட்டில் குறித்து இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான விழாக்கள் ஆங்கில சப்டைட்டிலோடு நின்றுவிடுகின்றன. அதனால் கல்லூரி படித்தவர்கள் மட்டும் வந்து போகிறார்கள், பிறகு ‘ஊர்க்காரர்கள் நல்ல சினிமா பார்ப்பதில்லை’ என்று அவர்களே வருத்தப்படுகிறார்கள். தம் மக்கள் வாசிக்க முடியவில்லை என்பதற்காகச் சினிமாவுக்கு வந்த ஒருவரின் படத்தை, வந்தவர்களில் பாதிப் பேர் வாசிக்க முடியாத எழுத்தோடு காட்டினால் அதைவிட முரண் வேறில்லை. உங்கள் சித்தூர் வட்டத்திலும் எங்கள் தேவிகுளம் வட்டத்திலும் நிலைமை ஒன்றுதான்: ஒரே வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியும், மகனுக்கு மலையாள எழுத்து மட்டும் தெரியும், இருவரும் பேசுவது தமிழ். பாட்டிக்கு இரண்டுமே வாசிக்க வராது. ஒரு மொழியைத் தேர்ந்தால் மற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டையும் படத்தின் மேலேயே போட்டால் நான்கு வரி எழுத்துக்குப் பின்னால் படம் காணாமல் போய்விடும்.

ஆகவே மலையாளத்தைப் படத்தின் மேலும், தமிழைத் திரைக்குக் கீழே தனிப் பட்டையிலும் போடும்படி பரிந்துரைக்கிறேன். பெரிய விழாக்களில் உள்ளூர் மொழிக்கு இப்படித்தான் செய்வார்கள்: இன்னொரு லேப்டாப், இன்னொரு சிறு ப்ரொஜெக்டர், வசனத்தைக் கேட்டுக்கொண்டே வரிகளைத் தட்டிவிட ஓர் ஆள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு படத்துக்காவது நேரடிக் குரல் விளக்கம் வையுங்கள். ‘கத்து பெய்காத்’ ஏற்கெனவே ஒரு குரல் கடிதம் வாசிக்கும் படம் என்பதால் அதற்கு இது இயல்பாகப் பொருந்தும்.

பதில்: எல்லையோர வாசகன்

மூவருக்கும் நன்றி. நேற்று நடந்த குழுக் கூட்டத்தில் உங்கள் பதில்களை அப்படியே வாசித்துக் காட்டினேன். நிலக்கடலையும் மணியார்டரும் வந்த இடத்தில் ஈரான் தரப்பு பெருமளவு இறங்கி வந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்திருந்த மூத்த விவசாயி ஒருவர், ‘அங்கே கடலையை யார் கொள்முதல் செய்தார்கள், என்ன விலை வைத்தார்கள்’ என்று கேட்டார். அதற்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை. படத்தைப் போடுவதற்கு அதுவே போதுமான காரணம் என்று தலைவர் முடித்துவிட்டார்.

டீச்சர் சொன்ன இலங்கையை விட மனமில்லை. இந்த ஆண்டு செனகல் மையம், பிற நாட்டுப் பிரிவில் டீச்சர் குறிப்பிட்ட இலங்கைப் படம், அடுத்த ஆண்டு இலங்கையே மையம் என்று பேசி வைத்திருக்கிறோம். டீச்சருக்கு இது சமாதானமாக இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன. தமிழ் வரிகளை யார் எழுதுவது, எவ்வளவு வேலை என்பது ஒன்று. கடைசி நாள் இரவுக் காட்சியைப் பள்ளி மைதானத்தில் திறந்தவெளியில் வைக்கலாமா என்பது மற்றொன்று.

பதில்: வடகரப்பதிக்காரன்

அண்ணா, தமிழ் வரிகளுக்கு நானும் என் நண்பர்களும் வருகிறோம். மலையாளத்துக்கு 2012 முதல் எம்சோன் குழுவினர் தன்னார்வமாகச் செய்துவரும் வேலையைப் பார்த்துத்தான் எங்களுக்கும் இதில் ஆர்வம் வந்தது. இவற்றில் ஏதாவது ஒரு படத்துக்கு மலையாள வரிகள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று முதலில் அவர்களிடம் விசாரித்துவிடுவது நல்லது. உரிமையாளருக்கு எழுதும்போதே, தமிழிலும் மலையாளத்திலும் சப்டைட்டில் செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்து எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வசன வரிகளின் ஆங்கிலக் கோப்பை, நேரக் குறிப்புகளோடு, அவர்களிடமே கேட்டால் எங்கள் வேலை பாதியாகும். சில பழைய பிரதிகள் பிரெஞ்சு சப்டைட்டிலோடு மட்டுமே வரும் என்பதால் இதை இப்போதே கேட்பது நல்லது.

வேலையின் அளவு படத்தைப் பொறுத்தது. ‘மந்தாபி’யில் ஓயாமல் பேசுகிறார்கள், அதற்குத்தான் அதிக நாள் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் பெரும்பாலும் இரண்டு வரியாகும், ஏனென்றால் நம் சொற்கள் நீளமானவை; ஆகவே வசனம் முழுவதையும் பெயர்க்காமல், முகத்திலும் சைகையிலும் தெரிவதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுத வேண்டும். நடையும் முக்கியம். சென்னைத் தொலைக்காட்சி டப்பிங் போல எழுதினால் நம் ஊரில் சிரிப்பார்கள். பொதுவான எளிய தமிழில் எழுதிவிட்டு, கடன் கேட்க வரும் பக்கத்து வீட்டுக்காரியின் பேச்சு போன்ற இடங்களில் மட்டும் நம் பக்கத்துப் பேச்சைக் கொஞ்சம் விடலாம் என்பது எங்கள் எண்ணம். சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த்துறை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் பிழை திருத்துவதற்கு ஆள் கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ப்ரொஜெக்டரின் யுஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகி நேரடியாக ஓட்டாதீர்கள். அந்தச் சிறு மென்பொருள்களில் பல தமிழ் எழுத்துகளை உடைத்துவிடும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். லேப்டாப்பிலிருந்து ஓட்டுங்கள். விழாவுக்கு முன்பு அதே ஹாலில், அதே கருவிகளில் ஒவ்வொரு கோப்பையும் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பதில்: கல்பாத்திப் பெரியவர்

திறந்தவெளிக் காட்சி டிசம்பரில் வேண்டாம் என்று சொல்வேன். கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று அந்த மாதத்தில் உங்கள் பக்கம் எவ்வளவு வேகமாக வீசும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டிய திரை பாய்மரம்போல் உப்பிக்கொண்டு நிற்கும், ஒலியும் காற்றோடு போய்விடும். மைதானம் கட்டாயம் என்றால் பள்ளிக் கட்டடத்தின் மேற்குப் புறச் சுவருக்கு வெள்ளையடித்து அதையே திரையாக்குங்கள். கட்டடம் காற்றைத் தடுக்கும், துணியும் தேவையில்லை.

வரிசையைப் பற்றி ஒன்று. முதல் நாள் மாலையில் ‘மந்தாபி’யைப் போடுங்கள்; அது சிரிக்க வைத்தே உள்ளே இழுக்கும். இரண்டாம் நாள் காலை ‘போரோம் சாரெத்’தும் ‘சைக்கிள் திருடர்க’ளும் ஒரே காட்சியாக, மதியம் செம்பேனின் 1966ஆம் ஆண்டுப் படம், அதாவது டாக்கரிலிருந்து பிரான்ஸுக்கு வேலைக்காரியாகப் போகும் இளம்பெண்ணின் கதை. குறுகிய படம் என்பதால் பேசுவதற்கு நேரம் மிஞ்சும். குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் உங்கள் பகுதியில் இருந்தால், அவர்களுக்கு அழைப்பிதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். மேடையில் உட்காரவைத்துச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். வந்து பார்த்துவிட்டு, விரும்பினால் பேசட்டும்.

ஜிப்ரில் தியோப் மாம்பெத்தியின் ‘தூகி பூகி’ 1973இல் வந்தது. 2008இல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள், பிரதி நன்றாக இருக்கும். ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் எப்படியாவது பாரிஸுக்குப் போய்விட வேண்டும் என்று மாட்டுக் கொம்பு கட்டிய மோட்டார் சைக்கிளில் சுற்றும் படம். இது கதையை நேர்கோட்டில் சொல்லாது, கோபத்தோடு எழுந்து போகிறவர்களும் இருப்பார்கள். போகட்டும், விழா என்றால் அப்படி ஒரு படமாவது வேண்டும். தொடக்கத்திலேயே உண்மையான கசாப்புக் காட்சி வருகிறது என்பதால் அறிவிப்புப் பலகையிலும், விளக்கு அணைவதற்கு முன் வாயாலும் சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் இரவுக்கு வையுங்கள்.

மூன்றாம் நாள் காலை இலங்கைப் படம், மாலை ‘கத்து பெய்காத்’. கடலையை யார் வாங்கினார்கள் என்று கேட்ட அந்த விவசாயியையே அன்றைய பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். கொள்முதல் அரசின் கையில் இருந்ததும், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை விளைச்சலிலிருந்து பிடித்துக்கொண்டதும் படத்தில் பெரியவர்களின் பேச்சிலேயே வருகின்றன. அவருக்கு அது விளங்காமல் போகாது. ஜான் ஆபிரகாமின் படங்களில் எதைப் போடுவது என்று மட்டும் குழுவில் பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்ப் படத்தைப் போட்டால் சப்டைட்டில் வேலை ஒன்று குறையும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. மலையாளம் மட்டும் தெரிந்தவர்கள் அதற்குச் சண்டைக்கு வரலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில்: மூணாறு டீச்சர்

அடுத்த ஆண்டு இலங்கை என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவிட்டீர்களா? எழுதிய பிறகு சொல்லுங்கள், தமிழ்ப் பட்டையைத் தட்டிவிட எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்களோடு நானே வருகிறேன். மூன்று நாளும் தங்குவதற்கு இடம் மட்டும் பார்த்துவையுங்கள்.